ஈட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு
வாசகர் கேள்வி – பதில்

குறையுள்ள தலைவர்களை மதிப்பது, எதிரிகளுக்கு இரங்குவது ஆகிய இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை 1 சாமுவேல் 24 முதல் 26 வரையுள்ள மூன்று அதிகாரங்களையே சுற்றி வருகின்றன. கர்த்தர் அபிஷேகம்பண்ணின ராஜாவாகிய சவுல் தாவீதைக் கொல்லத் தேட, தாவீது தப்பி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பதில்களுக்குப் போகும் முன் அவற்றை ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். தனித்தனியாக வாசித்தால் தவறிப்போகும் விஷயங்கள் அதில் உண்டு.

கே: போதகரின் தவறைப் பற்றி யார் வாய் திறந்தாலும், "கர்த்தர் அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதே" என்று சொல்லி அடக்கிவிடுகிறார்கள். வேதம் சொல்வது அதுதானா?

ப: இல்லை. அந்த வாக்கியம் சங்கீதம் 105:15-இல் இருக்கிறது. அதற்கு மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். அங்கே சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், சொந்த நிலமில்லாத பரதேசிகள். "தொடாதீர்கள்" என்ற எச்சரிக்கை போனது ராஜாக்களுக்கு. அதாவது பலமுள்ளவன் கையிலிருந்து பலமில்லாதவனைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. அதையே எடுத்து, பதவியில் இருப்பவரைக் கேள்வியிலிருந்து காக்கும் கவசமாக்கினால், வசனத்தின் திசையே தலைகீழாகிவிடுகிறது. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் 1 யோவான் 2:20 விசுவாசிகள் எல்லாரையும் அபிஷேகம் பெற்றவர்கள் என்கிறது. அப்படியானால் புகார் சொல்ல வந்தவரும் அபிஷேகம் பெற்றவர்தான். அவரைத் தொடுவதும் குற்றம்தான்.

தாவீது சவுலைத் தொடவில்லையே என்று அடுத்து கேட்பார்கள். அது உண்மை. ஆனால் எதைச் செய்யவில்லை, எதைச் செய்தார் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். என்கேதியின் குகைக்குள் சவுல் தனியாக வந்தபோது தாவீது வாளை உருவவில்லை. சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்தார். அதற்கே அவருடைய மனது அடித்துக்கொண்டது. தம் ஆட்களையும் சவுலின்மேல் பாயவிடாமல் தடுத்தார். இவை அவர் செய்யாதவை, செய்யவிடாதவை. பிறகு நடந்ததைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சவுல் வெளியே போனதும் தாவீது பின்னாலேயே போய்ச் சத்தமிட்டுக் கூப்பிட்டார். தரைமட்டும் குனிந்து வணங்கினார். அதன்பின் மூவாயிரம் பேர் கொண்ட படை அருகிலிருக்க, ராஜாவைக் கேள்வி கேட்டார். ஏன் பிறர் பேச்சைக் கேட்டு என்னைத் தேடுகிறீர் என்றார். அறுத்த துணியைத் தூக்கிச் சாட்சியாகக் காட்டினார். கர்த்தர் நமக்கு நடுவே நியாயம் தீர்க்கட்டும், என் கை உம்மேல் விழாது என்று முடித்தார். 24-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 15 வரை முழுவதும் இந்தப் பேச்சுதான். கைதான் போடக்கூடாது, வாயை மூடிக்கொள்ள யாரும் சொல்லவில்லை.

தாவீதின் பேச்சில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கொல்லத் தேடுகிற மனிதரை அவர் "என் தகப்பனே" என்றுதான் அழைக்கிறார். நம் மொழியில் மரியாதை முதலில் கழன்று விழும் இடம் வினைச்சொல்லின் கடைசி எழுத்து. நேற்று வரை "வந்தார், சொன்னார்" என்றிருந்தது, குற்றம் தெரிந்த மறுநாள் "வந்தான், சொன்னான்" ஆகிவிடும். குற்றத்தை ஒரு எழுத்தும் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த 'ர்' மட்டும் இருக்கட்டும். அது அவருக்காக மட்டுமல்ல, நீங்கள் சொல்வதைக் கேட்கப்போகிறவர்களுக்காகவும்தான். 'ன்' விகுதியில் சொன்ன புகாரை யாரும் புகாராக எடுத்துக்கொள்வதில்லை. பகை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கே: பவுலும் பிரதான ஆசாரியரை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று திட்டிவிட்டுப் பின்வாங்கினாரே?

ப: அப்போஸ்தலர் 23. பின்வாங்கியது வசையிலிருந்து மட்டும். ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக்கூடாது என்ற கட்டளையை (யாத்திராகமம் 22:28) அவரே எடுத்துச் சொல்லித் தம்மைத் திருத்திக்கொண்டார். நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக என்னை அடிக்கச் சொன்னீர் என்ற குற்றச்சாட்டை அவர் வாபஸ் வாங்கவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளி இராயருக்கு அபயமிடுகிறார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்கிறார். அதற்கு முன்பே பிலிப்பியில், விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று நின்றவர் அவர் (16:37).

கே: சபைக் கணக்கில் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. மரியாதை குறையாமல் இதை எப்படிக் கேட்பது?

ப: கணக்குக் கேட்பதே அவமரியாதை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, தம்மேல் யாரும் குறை சொல்ல இடமிருக்கக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைப் பவுல் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19–21). கேட்கும் முன்பே காட்டியவர் அவர். நேர்மையான தலைவருக்கு உங்கள் கேள்வி ஒரு உதவி.

பேசப் போகும் முன் ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்கள் நேரில் பார்த்தது: தேதி, தொகை, எந்த ரசீது, எந்தக் கூட்டத்தில் வாசித்த கணக்கு. வலப்பக்கம் நீங்கள் ஊகிப்பது. "அந்த மாத வரவில் இந்தத் தொகை இல்லை" என்பது இடப்பக்கம். "எடுத்துக்கொண்டார்" என்பது வலப்பக்கம். எழுதி முடித்தபின் வலப்பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். பெரும்பாலான புகார்கள் தோற்பது இங்கேதான். ஐந்து உண்மையோடு ஒரு ஊகம் கலந்திருக்கும். அந்த ஒன்று பொய்யென்று ஆனதும் மற்ற ஐந்தும் சேர்ந்து விழுந்துவிடும்.

முதல் சந்திப்பு தனியாக, நேரில். மத்தேயு 18:15 அப்படித்தான் தொடங்குகிறது. தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்தச் செலவுக்கான ரசீதைப் பார்க்கலாமா ஐயா?" பதில் தர ஒரு தேதியை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். தேதி தாண்டினால் இரண்டொருவரோடு போக வேண்டும். இங்கே நடக்கும் தவறு, உங்களுக்கு வேண்டிய இரண்டு பேரைக் கூட்டிப்போவது. உபாகமம் 19:15 கேட்பது சாட்சிகளை. ரசீதைத் தாமே பார்த்தவர், அல்லது இரு தரப்பையும் கேட்டு நியாயமாகச் சொல்லக்கூடியவர் வேண்டும். அதே அதிகாரம் பொய்ச்சாட்சிக்கு வைக்கும் தண்டனையையும் வாசியுங்கள்: மற்றவனுக்கு அவன் எதைச் செய்ய நினைத்தானோ அதுவே அவனுக்கு.

இதற்கும் அசையவில்லையென்றால் சபையின் பொறுப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். கையொப்பத்தோடு, நகல் வைத்துக்கொண்டு. மொட்டைக் கடிதம் வேண்டாம். அது சாட்சி இல்லாத குற்றச்சாட்டு, 1 தீமோத்தேயு 5:19 அதை ஏற்கவே கூடாது என்கிறது. பலர் அந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்தது, பாவம் செய்கிற மூப்பரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதற்கும் அடுத்தது பட்சபாதம் கூடாது என்கிறது. மூன்றையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர் முழுக்கச் சொல்வதும் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிள்ளைகளிடம் தவறாக நடப்பது, பாலியல் வன்முறை, அடிதடி போன்றவற்றுக்கு மத்தேயு 18-இன் படிக்கட்டு பொருந்தாது. பாதிக்கப்பட்டவரை, அதுவும் ஒரு குழந்தையை, "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்று அனுப்புவது கொடுமை. நேராகக் காவல்துறைக்குப் போங்கள். சபைக் குழு தானே விசாரிக்கிறேன் என்று உட்கார்ந்தால் சாட்சியம் கலையும். குற்றவாளிக்கு எச்சரிக்கையும் கிடைத்துவிடும்.

கே: ஒழுக்கத்தில் விழுந்தவர் என்று பின்னால் தெரியவந்த ஒருவரிடம் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா?

ப: செல்லும். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கச் சபையை இரண்டாக உடைத்த கேள்வி இது. துன்புறுத்தலின்போது வேதப் பிரதிகளை ஒப்படைத்துவிட்ட ஆயர்களின் கையால் நடந்த எதுவும் செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, ஊழியரின் கை கருவி மாத்திரமே என்று அகுஸ்தீன் பதிலளித்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளில் 26-ஆவதும் இதையே சொல்கிறது. ஆனால் அது அதோடு நிற்பதில்லை. தீய ஊழியரை விசாரித்து, குற்றம் நிரூபணமானால் பதவி நீக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் ஞானஸ்நானம் நிற்கும் என்பது அவர் பதவியில் நிற்கக் காரணமாகாது.

கே: மன்னித்துவிட்டேன். "அப்படியானால் ஏன் பழையபடி வந்து பழகக்கூடாது?" என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள். என் மன்னிப்பு பொய்யா?

ப: பொய்யில்லை. 1 சாமுவேல் 26-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் சவுலின் தலைமாட்டிலிருந்து தாவீது ஈட்டியையும் தண்ணீர்ச்செம்பையும் எடுத்துக்கொண்டு போகிறார். ஒரே குத்தில் முடித்துவிடுகிறேன் என்று கேட்ட அபிசாயைத் தடுத்துவிட்டார். பிறகு தூரத்து மலையுச்சியில், இடையே நிறைய இடம்விட்டு நின்று கூப்பிடுகிறார். சவுல் உருகிப்போய், நான் பாவஞ்செய்தேன், மகனே திரும்பி வா, இனி உனக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்கிறார். தாவீதின் பதில்: இதோ ராஜாவின் ஈட்டி, வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்.

ஈட்டியைக் கொடுத்துவிட்டார். அதைத் தாமே கொண்டுபோய்க் கையில் கொடுக்கவில்லை. முன்பு அவரைச் சுவரோடே குத்திப்போட அரண்மனையில் சவுல் வீசியதும் ஈட்டியைத்தான். சவுலை அவர் கொல்லவில்லை, அவருடைய பொருளையும் வைத்துக்கொள்ளவில்லை. "திரும்பி வா" என்ற அழைப்பை மட்டும் ஏற்கவில்லை. அவர் தன் வழியே போனார், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினார் என்று அதிகாரம் முடிகிறது. 24-ஆம் அதிகாரமும் இப்படியேதான்: சவுல் அழுதார், தாவீது ஆணையிட்டுக் கொடுத்தார், சவுல் வீட்டுக்குப் போக, தாவீது பாதுகாப்பான இடத்துக்கு ஏறிப்போனார். அந்தக் கண்ணீருக்குப் பிறகும் சவுல் மறுபடி மூவாயிரம் பேரோடு தேடி வந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

மன்னிப்பு உங்கள் கையில் இருக்கிறது, இன்றே கொடுக்கலாம். நம்பிக்கை மற்றவரின் நடத்தையில் வளர்வது. அதற்குக் காலம் பிடிக்கும். மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளை யோவான் ஸ்நானன் கேட்டது இதனால்தான். கனி என்றால் என்ன என்பதற்கு வரி வசூலித்த சகேயு நல்ல அளவுகோல்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை. கடனைத் திருப்பியிருக்கிறாரா, சொன்ன பொய்யைச் சொன்ன இடத்திலேயே போய்த் திருத்தியிருக்கிறாரா, "நான் ஏதாவது தவறு செய்திருந்தால்" என்று இழுக்காமல் "நான் செய்தது தவறு" என்கிறாரா என்று பாருங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 இரண்டு நிபந்தனை வைத்துப் பேசுகிறது. பவுலுக்கு மனிதரைத் தெரியும்.

வீட்டில் அடி வாங்குகிறவர்கள் இந்தப் பதிலை இருமுறை வாசியுங்கள். விலகி நிற்பது மன்னிப்புக்கு எதிரானதல்ல.

கே: எதிரிக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் பொங்குகிறது. நடைமுறையில் எப்படிச் செய்வது?

ப: கோபத்தை வாசலில் விட்டுவிட்டு வர முயலாதீர்கள், முதலில் அதையே கொண்டுவாருங்கள். சங்கீதம் 109-ஐச் சத்தமாக வாசியுங்கள். அதன் நடுப்பகுதியில் வரும் சாபங்கள் கேட்கவே கடினமானவை. ஆனால் எல்லாம் தேவனைப் பார்த்துச் சொன்னவை. சங்கீதம் 57-க்கும் 142-க்கும் உள்ள தலைப்புகள், தாவீது குகையில் ஒளிந்திருந்த நாட்களின் ஜெபங்கள் என்கின்றன. உள்ளே கொட்டித் தீர்த்ததால்தான் வெளியே கை ஓங்காமல் இருக்க முடிந்தது என்று நினைக்கிறோம்.

அதன்பின் ஒரு நிமிட ஜெபம். நீட்ட வேண்டாம். அந்த நபரின் பெயரைச் சொல்லுங்கள். "அந்த ஆள்" வேண்டாம். அன்று உங்களுக்காக எதைக் கேட்டீர்களோ, அதே உடல்நலத்தையும் வேலையையும் பிள்ளைகளின் நன்மையையும் அவருக்கும் கேளுங்கள். "அவரைத் திருத்தும்" என்ற விண்ணப்பத்தை முதல் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். அது நல்ல ஜெபம்தான். ஆனால் சூடு ஆறாத மனதில் அது இரண்டாவது வாக்கியத்திலேயே குற்றப்பட்டியலாக மாறிவிடும். ஒரு நாள் முடியாமல் போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உணர்வு வரும்வரை காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள்.

செயலும் கூடவே வேண்டும். யாத்திராகமம் 23:4–5 பகைஞனின் மாடு வழிதவறினால் ஓட்டிக்கொண்டு போய் விடச் சொல்கிறது. அவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிட உதவச் சொல்கிறது. கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. கண்ணில் பட்ட நஷ்டத்தைத் தடுக்கச் சொல்கிறது, அவ்வளவே. தவறி உங்களுக்கு வந்த அவருடைய கடிதத்தைச் சேர்த்துவிடுவது, அவரைப் பற்றிய பொய் ஒன்று உங்கள் முன்னால் பேசப்படும்போது "அது அப்படியில்லை" என்பது, இவற்றில் தொடங்கலாம்.

இதில் பலரும் எதிர்பாராத குழி ஒன்று 25-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ராஜாவுக்கு இரங்கிய அதே தாவீது, ஆடு மயிர் கத்தரிக்கிற இடத்தில் நாபால் என்கிற பணக்காரன் சொன்ன ஒரு அவமான வார்த்தைக்காக, நானூறு பேரைப் பட்டயம் கட்டச் சொல்லி, அந்த வீட்டு ஆண்கள் ஒருவரையும் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் அப்பமும் திராட்சரசமும் சமைத்த ஆடுகளுமாக வழிமறித்திராவிட்டால் செய்தும் இருப்பார். சவுலுக்கு அபிஷேகம் என்ற வேலி இருந்தது. நாபாலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நமக்கும் இப்படித்தான். பெரிய துரோகத்தை மன்னித்த களைப்பில், சின்ன அவமானத்துக்கு வாளை எடுத்துவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள்மேலும் கீழே வேலை செய்பவர்கள்மேலும் அந்த வாரம் எரிந்து விழுகிறீர்களா என்று பாருங்கள்.

கே: பசித்த எதிரிக்குச் சாப்பாடு கொடுத்தால் "அக்கினித்தழல்களை அவன் தலைமேல் குவிப்பாய்" (ரோமர் 12:20) என்றால் நன்மை செய்தே பழிவாங்கலாமா?

ப: அந்தத் தழல் நியாயத்தீர்ப்பைக் குறிக்கிறது என்பாரும் உண்டு, மனதைச் சுடும் வெட்கம் என்பாரும் உண்டு. அடுத்த வசனம், "தீமையை நன்மையினாலே வெல்லு" என்று முடிவதால் இரண்டாவதே பொருந்துகிறது. தீர்க்கதரிசி எலிசா செய்ததைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 6): கண் மறைந்து சமாரியாவுக்குள் சிக்கிய சீரியரை வெட்டலாமா என்று ராஜா கேட்டபோது, அப்பமும் தண்ணீரும் வைத்துச் சாப்பிட்டுப் போகவிடு என்றார். பெரிய விருந்தே நடந்தது. கொள்ளைக் கூட்டங்கள் வருவது நின்றது. ஆனால் அடுத்த வசனத்திலேயே சீரிய ராஜா பெனாதாத் முழுப் படையோடு வந்து சமாரியாவை முற்றுகையிடுகிறான். பலன் தந்தே தீரும் என்ற உத்தரவாதத்தோடு இரக்கம் கட்டளையிடப்படவில்லை.

கே: மன்னித்தால் வழக்கையும் வாபஸ் வாங்க வேண்டுமா?

ப: கட்டாயமில்லை. ரோமர் 12:19-இல் நீங்கள் பழிவாங்காமல் "கோபாக்கினைக்கு" இடங்கொடுங்கள் என்கிறார் பவுல். சில வசனம் தள்ளி 13:4-இல், தீமை செய்கிறவன்மேல் "கோபாக்கினை" வரப்பண்ணும் ஊழியம் அதிகாரிக்கு உரியது என்கிறார். ஒரே சொல். உங்கள் கையிலிருந்து எடுத்ததை நியாயாசனத்தின் கையில் வைக்கிறார். விசுவாசிகளுக்குள் பணம், சொத்து பற்றிய வழக்குகளுக்கு 1 கொரிந்தியர் 6 சமரசத்தை முதலில் வைக்கிறது; குற்றவியல் குற்றம் வேறு.

1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட மெஹ்மத் அலி ஆஜா என்பவரைப் போப் இரண்டாம் யோவான் பவுல் சில நாட்களிலேயே மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ச் சந்தித்தார். ஆனால் ஆஜா இத்தாலியச் சிறையிலிருந்து வெளிவந்தது 2000-இல், அதுவும் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பினால். இரண்டு மன்னிப்பும் வெவ்வேறு கைகளிலிருந்து, வெவ்வேறு காலத்தில் வந்தன. தண்டனையைக் குறைக்கும்படி நீங்கள் மனு கொடுக்கலாம்; அது இரக்கம். பொய்ச் சாட்சி சொல்லி விடுவிக்கக்கூடாது.

கே: கெட்ட ஆட்சியாளரையும் கனம்பண்ண வேண்டுமா?

ப: வேண்டும்; ஆனால் எவ்வளவு என்பதை 1 பேதுரு 2:17 அளந்து தருகிறது. "எல்லாரையும் கனம்பண்ணுங்கள்", "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்": தெருவில் போகிறவருக்கும் ராஜாவுக்கும் ஒரே வினைச்சொல். பயப்படுவது தேவனுக்கு மட்டும். பாவம் செய்யச் சொன்னால், மனிதருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் (அப்போஸ்தலர் 5:29).

கண்டிப்பதற்கு நல்ல முன்மாதிரி மிலான் ஆயர் அம்புரோஸ். கி.பி. 390-இல் தெசலோனிக்கேயில் மக்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசர் தியோடோசியசுக்கு அவர் தம் கையாலேயே, பேரரசர் மட்டும் வாசிக்கும்படி, ஒரு கடிதம் எழுதினார். மரியாதையில் குறையில்லை, மனந்திரும்பும்வரை அவர் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்றத் துணியமாட்டேன் என்பதிலும் குறையில்லை. பேரரசர் வெளிப்படையாகத் தவம் செய்தார்.

கே: இவ்வளவு இரக்கம் காட்டிய தாவீது, சாகும் நேரத்தில் சீமேயியைக் கொல்லச் சொன்னாரே?

ப: சொன்னார். கலகம் செய்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது கல்லெறிந்து தூஷித்த சீமேயிக்கு, திரும்பி வந்ததும் நீ சாவதில்லை என்று ஆணையிட்டுக் கொடுத்தவர் அவர் (2 சாமுவேல் 19). பல ஆண்டு கழித்து, அவனுடைய நரைமயிரை இரத்தத்துடன் பாதாளத்தில் இறங்கப்பண்ணு என்று சாலொமோனிடம் ஒப்படைத்தார் (1 இராஜாக்கள் 2:9). அரசு பாதுகாப்புக்காக என்று விளக்குவோர் உண்டு. எங்களுக்கு அது நிறைவாகப் படவில்லை. வேதம் அதைப் புகழவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தம் கையால் செய்வதில்லை என்று காத்த ஆணையை மகன் கையால் மீறினார் என்றுதான் தோன்றுகிறது. அதே தாவீது, சவுலின் பேரன் மேவிபோசேத்தை லோதேபாரிலிருந்து அழைத்துவந்து, தம் பந்தியில் உட்காரவைத்துச் சவுலின் நிலங்களையும் திருப்பிக் கொடுத்தவர். அந்த இரக்கமும் இந்தக் கசப்பும் ஒரே நெஞ்சில் இருந்தன.

ஒருமுறை மன்னித்தது பத்தாண்டு கழித்து மறுபடி கசக்கலாம். அப்போது புதிதாக மன்னிக்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்குக் குறிப்பாக ஒன்று: எந்த வீட்டுக்குப் போகக்கூடாது, யாரோடு பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்களா? சொன்னவர் நீங்களே கூப்பிட்டு, பெயர் சொல்லி, "அந்தக் கணக்கு என்னோடு முடிந்தது, நீ போய்ப் பேசு" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் பிள்ளைகள் தாங்களாக அதை விடமாட்டார்கள்.